தலைகீழாக நின்ற மூங்கில் சிப்பி

"அக்கா, சீக்கிரம் வாங்க! கடல் திரும்பிப் போயிருக்கு!"

கிடங்கின் உள்ளறையிலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டாள். நான் வாசல் மேசையில் தே ஓ கோசோங்கை ஆற்றிக்கொண்டிருந்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். கடல் எங்கே போகப்போகிறது, என் தேநீர்தான் ஆறிப்போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனேன்.

சில வருடங்களுக்கு முந்தைய ஒரு புதன்கிழமை மத்தியானம் அது. இடம் எங்கள் தீவின் மேற்குப் பகுதியான கிளமெண்டி, ஒரு பல்கலைக்கழகத்தின் கிடங்கு. உள்ளே கூரை வரைக்கும் மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், ஒரு சாண் அகலம். கட்டடமோ ரயில் பாதையோ கட்டுவதற்கு முன்னால் நிலத்தைத் துளைத்துக் குழாய் குழாயாக எடுத்த களிமண், பிளாஸ்டிக் தாளும் மெழுகும் சுற்றி, அவற்றுக்குள் படுத்திருக்கும். அறை முழுக்க ஈரச் சேறும் மெழுகுவத்தியும் கலந்த ஒரு வாடை. எனக்கு அது பிடிக்கும்.

டாக்டர் ஸ்டெல்லா அந்தக் களிமண்ணுக்குள் நத்தையையும் சிப்பியையும் தேடுகிறவள். பழங்காலத்தில் பூமி குளிர்ந்து பிறகு சூடானபோது, கடல் உயிர்கள் எங்கிருந்து எங்கே இடம் மாறின என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நான் மண் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் கூடத்தை மூடியபோது பழைய பெட்டிகள் எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. அவற்றை அடையாளம் சொல்ல வாரத்தில் மூன்று நாள் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"பெட்டியில லெஃப்ட் பக்கம் மேல், ரைட் பக்கம் கீழ். கரெக்டாக்கா?"

"அதானே எப்பவும் வழக்கம்."

"அப்ப பாருங்க. அடியில வெளிக்கடல் சிப்பி. மேல வரவர அலையாத்திக் காட்டு நத்தை. மத்த எல்லா எடத்துலயும் இதுக்கு நேர் மாறா இருக்கும். கடல் ஏறி வந்துச்சு, அதனால காட்டு நத்தை அடியில, கடல் சிப்பி மேல. இங்க மட்டும் கடல் வந்துட்டு, யோசிச்சு, திரும்பிப் போயிருக்கு! ஒரு பெட்டியில பார்த்தா நானே நம்ப மாட்டேன். மூணு பெட்டிக்கா, மூணும் ஒரே மாதிரி!"

அந்தக் குறுகிய இடைவெளியில் அவள் ஒரு சுற்று ஆடியும் விட்டாள். வெள்ளிக்கிழமை பெரிய அரங்கத்தில் அவள் பேச வேண்டும். வருடக் கடைசியோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கலாமா என்று முடிவு செய்பவர்கள் அந்தப் பேச்சைக் கேட்க வருகிறார்கள். கையில் புதிதாக ஒன்றும் இல்லையே என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கடலே திரும்பிப் போய் உதவியிருக்கிறது.

நான் மூடிகளைப் பார்த்தேன். மூன்று மூடியிலும் துளை எண் மையால் எழுதியிருந்தது: ஏழு, பதினேழு, இருபத்தேழு. மூன்று ஏழுக்கும் நடுவில் ஒரு கோடு, கீழே ஒரு சின்ன வால்.

அது என் கையெழுத்து.

பீற்றிக்கொண்டதற்கு அபராதம்

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். "முப்பது வருடத்தில் நான் ஒரு பெட்டியைக்கூடத் தப்பாக வைத்ததில்லை" என்று. அந்த வரியை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு கர்வம் வந்து, எழுந்து போய்க் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டேன்.

பத்திரிகை வந்த அன்றைக்குக் காலையிலேயே ஸ்டெல்லாவிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி. "அக்கா, அந்த மூணு பெட்டி?" அவ்வளவுதான். பின்னால் ஒரு சிரிப்பு முகம்.

வாய்க்கொழுப்புக்கு இது தேவைதான். ஆகவே இந்த வாரம், எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கிடங்கில் இப்போது இருக்கும் மற்ற பெட்டிகளைப் பற்றி நான் சொன்னதில் ஒரு மாற்றமும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து திறந்து பார்க்கலாம்.

சுமத்ராவுக்கு நடந்து போகலாம்

விஷயம் புரிய, கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். என் வாழ்க்கையைவிட ரொம்பப் பழைய கதை.

பூமி குளிர்ந்து கிடந்த காலத்தில் கடல் தண்ணீரில் ஒரு பங்கு துருவங்களில் பனியாக உறைந்து நின்றுவிட்டது. இங்கே கடல் வற்றியது. இந்தத் தீவு அப்போது தீவாக இல்லை. பெரிய சமவெளி ஒன்றில் சில குன்றுகள், அவ்வளவுதான். சுமத்ராவுக்கு நடந்தே போகலாம். கப்பல் பார்க்க வேண்டும் என்றால்தான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும், அதுவும் அப்போது கப்பல் இருந்திருந்தால்.

கடல் போனபோது கடல் உயிர்களும் கூடவே போயின. பிறகு பூமி சூடானது, பனி உருகியது, கடல் ஏறியது. கரை நகர நகர அவையும் வந்தன. எந்த நத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு நடந்து வரவில்லை. குஞ்சுகள் அலையில் மிதந்து வந்தன. தண்ணீரின் சூடும் உப்பும் சேறும் பிடித்திருந்தால் தங்கின, பிடிக்காவிட்டால் செத்தன.

முதலில் அலையாத்திக் காடும் அதன் நத்தையும். கடல் இன்னும் கொஞ்சம் ஏறியதும் சேற்றுத் திட்டு, அதில் கெராங். அதுதான் நாம் லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸில் போட்டுச் சாப்பிடுகிற இரத்தச் சிப்பி. கடைசியில் வெளிக்கடல் சிப்பி. ஜாலான் புசார் தெருவுக்கு அடியில் இந்த வரிசை முழுவதும் களிமண்ணாகப் படிந்து கிடக்கிறது. என் வாப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து அந்தத் தெருவில்தான் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற மனிதருக்குத் தான் நிற்பது கடல் மேல் என்று கடைசி வரை தெரியாது.

உடனே "நாமும் அந்த நத்தைகளைப் போல வந்து குடியேறியவர்கள்தானே" என்று நான் உருகுவேன் என எதிர்பார்க்காதீர்கள். என் வாப்பா கப்பலில் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

வலது கைப் பழக்கம்

பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சுரங்க ரயிலுக்காக ஊர் முழுக்கத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயிலிருந்து களிமண்ணை வெளியே தள்ளி, கொஞ்சம் வெட்டிச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுற்றிப் பெட்டியில் படுக்க வைப்பது என் வேலை. மேல் பகுதி முதலில், அப்புறம் அடிப்பகுதி.

"ஆரம்பத்துல இருந்து வை" என்று சொன்னார்கள். ஆரம்பம் எது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாம் வலப்பக்கம்தான். வலது காலை வைத்து வீட்டுக்குள் நுழைய வேண்டும், வலது கைதான் சட்டைக்குள் முதலில் போக வேண்டும். இடது செருப்பை முதலில் மாட்டினால் உம்மா கழற்ற வைத்து மறுபடி மாட்டச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் எழுத்து கற்பதற்கு முன்னாலேயே ஓதக் கற்றுக்கொண்டேன். குர்ஆன் வலப்பக்கமிருந்துதான் திறக்கும், வரி வலப்பக்கமிருந்துதான் தொடங்கும்.

ஆகவே நான் பிஸ்மில்லாஹ் சொல்லி, பெட்டியின் வலது முனையிலிருந்து களிமண்ணை அடுக்கினேன். அவ்வளவு சுத்தமாக, ஒரு விரிசல் இல்லாமல். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். யாருக்குமே சந்தேகம் வரவில்லை.

சில மாதம் கழித்து மேற்பார்வையாளர் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தார். வயதான சீனர், எல்லோருக்கும் அங்கிள். "ஏம்மா அந்தப் பக்கத்திலிருந்து வைக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பழைய பெட்டிகளைத் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் பொறியாளர்களுக்கு வேண்டும், ஒரு மீட்டருக்குள் மேல் எது கீழ் எது என்று யார் பார்க்கப்போகிறார்கள், விட்டுத்தள்ளு என்றார்.

விட்டுத்தள்ளினேன். அன்றிலிருந்து இடப்பக்கம்தான். அந்தப் பழைய பெட்டிகளில் மற்றவற்றை எல்லாம் பிறகு குப்பையில் கொட்டிவிட்டார்கள். இந்த மூன்று மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

"உன் பேர் இருக்கா?"

அந்தப் புதன்கிழமை ஸ்டெல்லாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்கு டாக்டர்" என்றேன். அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது. ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, குவீன்ஸ்டவுனில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து என் கணவர் இஸ்மாயில் விசாரித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"பெட்டியில உன் பேர் இருக்கா?"

"இல்ல. அப்ப யாரு எங்க பேரெல்லாம் எழுதுனாங்க? வெறும் நம்பர்தான்."

"உன்னையும் அந்தப் பொண்ணையும் தவிர அந்த ரூம்ல யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பேசாம இரேன். அந்தப் பொண்ணுக்கும் வேலை நிலைக்கும், உனக்கும் மரியாதை."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அதே யோசனை ரயிலிலேயே வந்துவிட்டது, அதுதான் என்னை அவ்வளவு கலக்கியது. கிடங்கில் எல்லோரும் "ஜைனப் அக்கா சொன்னா சரியா இருக்கும்லா" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முட்டி வலியோடு வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தேன்.

ஆனால் ஸ்டெல்லாவின் ஆராய்ச்சி வெறும் பழங்கதை இல்லை. கடல் மறுபடி சூடாகிறது, மறுபடி ஏறுகிறது. எந்த உயிர் எந்த வேகத்தில் இடம் மாறும், அலையாத்திக் காடு தாக்குப்பிடிக்குமா என்று அவளிடம் கேட்கிறவர்கள் கரையோரத்தில் சுவர் கட்டப்போகிறவர்கள். கடல் தானாகவே யோசித்துத் திரும்பிப் போகும் என்று அவர்களுக்கு ஒரு பாடம் போனால்? அதுவும் என் வலது கைப் பழக்கத்தால்?

"நாளைக்குச் சொல்லிடுறேன்" என்றேன்.

"சரி. மொதல்ல சோத்தைத் தின்னு" என்றார்.

வியாழக்கிழமை

காலை எட்டு மணிக்கே ஸ்டெல்லா மேசையில் இருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பெட்டி, வலது முனை, அங்கிள் சிரித்தது, எல்லாம்.

அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கன்னம் இரண்டும் சிவந்தது.

"நேத்து ஏன்கா சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"உங்களுக்கா? பயமா?" நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "முப்பது வருஷத்துக்கு முந்தி நடந்தது உங்களுக்கு எப்படிக்கா ஷூரா தெரியும்? நீங்க மாத்தி வெச்சது வேற பெட்டியா இருக்கலாம்ல? நாளைக்கு டாக். ஸ்லைடெல்லாம் முடிச்சாச்சு. மாதாவே, நான் இப்ப என்ன பண்றது?"

அவள் மாதாவைக் கூப்பிட்டால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவள், ஆனால் வேலையிடத்தில் கடவுளை இழுக்க மாட்டாள்.

என் சொல்லை நம்பாதது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனைக்கும் நான் தப்பு செய்தேன் என்றுதான் சொல்கிறேன், அதைக்கூட நம்ப மாட்டேன் என்கிறாளே! எனக்கும் கோபம் வந்தது.

"சரி, என்னை நம்பாத. மண்ணைக் கேளு. நட்டமா நிக்கிற சிப்பி ஏதாவது உள்ள இருந்தா அது சொல்லும்."

சின்ன வயதில் சாங்கி கடற்கரையில், பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு மூங்கில் சிப்பி பிடித்திருக்கிறேன். மூங்கில் துண்டு மாதிரி நீளமாக இருக்கும். சேற்றில் நட்டமாக, நெட்டுக்குத்தாக நின்றுகொண்டே வாழும். கடல் இறங்கும்போது குழியில் உப்பைத் தூவினால் மூச்சுக்குழல் உள்ள முனை மேலே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுப்போம். இரண்டு ஓடுகளையும் சேர்க்கும் கீல் மறுமுனையில், அடியில் இருக்கும். உயிரோடு இருக்கிற மூங்கில் சிப்பி ஒருநாளும் தலைகீழாக நிற்காது.

ஸ்டெல்லா களிமண் அறுக்கும் கம்பியை எடுத்தாள்.

முதல் பெட்டியை நீளவாக்கில் அறுத்தோம். உடைந்த ஓடுகள்தான். இரண்டாவதில் கெராங் இருந்தது, ஆனால் அது எந்தப் பக்கமும் புரளும், சாட்சிக்கு ஆகாது. மூன்றாவது பெட்டியில் நடுப்பகுதியில் கம்பி எதிலோ இடறியது. ஸ்டெல்லா தூரிகையால் மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தாள். விரல் நீளத்தில் ஒரு மூங்கில் சிப்பி. இரண்டு ஓடும் பிரியாமல், வாழ்ந்த குழிக்குள்ளேயே செத்திருந்தது.

கீல் இடப்பக்கம் இருந்தது. ஸ்டெல்லா மேல் என்று நினைத்த பக்கம்.

அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து கீலை மறுபடி பார்த்தாள்.

"முப்பது வருஷமா தலைகீழா நிக்குதுக்கா இது" என்றாள் கடைசியில்.

"அது பாட்டுக்குப் படுத்துத்தான் இருந்துச்சு. நீதான் தலைகீழா நிக்க வெச்ச."

சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், பொய் சொல்வானேன். அப்புறம் இருவரும் மூன்று பெட்டியையும் வலமிருந்து இடமாக மறுபடி படித்தோம். அலையாத்திக் காட்டு நத்தை அடியில், கெராங்கும் மூங்கில் சிப்பியும் நடுவில், வெளிக்கடல் சிப்பி மேலே. கடல் எங்கேயும் திரும்பிப் போகவில்லை.

அரங்கத்தில்

வெள்ளிக்கிழமை நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேவைப்பட்டால் ஓடிவிடலாம் என்ற எண்ணம்தான்.

நேற்று வரை தன்னிடம் ஒரு பெரிய கண்டுபிடிப்பு இருந்தது என்று ஸ்டெல்லா ஆங்கிலத்தில் தொடங்கினாள். திரையில் மூங்கில் சிப்பியின் படம் பெரிதாக வந்தது. நடந்ததைச் சொன்னாள். அரங்கம் சிரித்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, சரியான வரிசையைக் காட்டினாள். கடல் ஏறியபோது யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, ஒவ்வோர் உயிரும் தன் தண்ணீர் வந்ததும் வந்தது, தன் தண்ணீர் போனதும் போனது, அதற்கு ஒரு மீட்டர் களிமண் சாட்சி என்றாள். அடேயப்பா, அந்தப் பெண்ணுக்குக் குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அந்தப் பெட்டியை அடுக்கியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பெயர் இருந்ததா?

பெயர் இல்லை, அவராகவே வந்து சொன்னார் என்றாள் ஸ்டெல்லா.

யாரும் இப்போது சிரிக்கவில்லை. நான் கதவுப் பக்கம் பார்த்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை.

கதையில் வருகிற மாதிரி எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. மூன்று வருட நீட்டிப்பு வரும் என்று இருந்தவளுக்கு ஒரு வருடம்தான் கொடுத்தார்கள். கடல் திரும்பிப் போயிருந்தால் மூன்று கிடைத்திருக்கும். அந்த இரண்டு வருடத்தை அவளிடமிருந்து பறித்தது என் கைதான். நான் மன்னிப்புக் கேட்டபோது, "ஒரு வருஷம் போதும்லாக்கா, இன்னும் எத்தனை பெட்டி இருக்கு" என்றாள். அந்த ஒரு வருடத்தில் மிச்சப் பெட்டிகளையும் படித்து, வேலையைத் தக்கவைத்துக்கொண்டு, இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறாள்.

அந்தப் பேச்சுக்கு அடுத்த திங்கட்கிழமை மூன்று பெட்டிகளையும் மேசையில் வைத்தோம். களிமண்ணை எடுத்துச் சரியாகத் திருப்பி வைத்துவிடலாம் என்றாள் ஸ்டெல்லா. வேண்டாம் என்றேன். மறுபடி கை வைத்தால் மறுபடி குழப்பம், பின்னால் வருகிறவர்கள் எதை நம்புவார்கள்? மண் கிடக்கிறபடியே கிடக்கட்டும், மூடியில் எழுதுவோம்.

எழுதுகிற பேனாவை அவள் என்னிடம் நீட்டினாள். மூன்று மூடியிலும் ஒரே வாசகத்தை எழுதினேன். "மேல் பக்கம்: வலது முனை. அடுக்கியவர்: ஜைனப்." கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன். ஏழில் இருந்த கோட்டையும் வாலையும் மாற்றவில்லை.

முப்பது வருடத்தில் எத்தனை பெட்டி அடுக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கிடங்கில் மிஞ்சியிருக்கும் மற்றவை எல்லாம் சரியாக அடுக்கியவை, ஒன்றிலும் என் பெயர் கிடையாது. தப்பாக அடுக்கிய இந்த மூன்றில் மட்டும் இருக்கிறது. மை காய்ந்ததும் நானே தூக்கிக்கொண்டு போய், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற அலமாரியில் வைத்தேன்.